தூரத்தை அருகழைக்கும் வில்லை

தை மாதத்துக் காலைப்பொழுது. யாழ்ப்பாண நகரத்தை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறிய பேருந்து மண்டைதீவை நெருங்குகையில், பரவைக்கடலின் ஆழமற்ற நீரிலே வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நீண்ட கோடு ஒன்று தென்படும். பூநாரைக் கூட்டம் அது. பேருந்தில் இருப்போர் கைத்தொலைபேசியைச் சாளரத்தின் வழியே நீட்டுவர். வீடு சேர்ந்து படத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே இருப்பது நீலப்பரப்பும், அதன்மேல் அரிசி சிதறியது போன்ற சில புள்ளிகளுமே. கண் கண்டது ஒன்று. கருவி கண்டது வேறொன்று.

இந்த ஏமாற்றந்தான் பலரைத் தொலைவில்லையின் பக்கம் திருப்புகின்றது. வேலணையிலோ புங்குடுதீவிலோ வாழும் ஓர் இளைஞர், பழைய கமெரா ஒன்றை உறவினரிடமிருந்து பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அதனோடு வந்த சிறிய வில்லையால் வீட்டு விழாக்களைப் படம் பிடித்தாயிற்று. இனி அவருக்கு வேண்டியது பறவை, நெடுந்தீவுக் குதிரை, நயினாதீவுத் தேர். நகரத்துக் கடைக்குச் சென்று விலை கேட்கின்றார். கடைக்காரர் சொல்லும் தொகை அவருடைய பல மாதச் சம்பாத்தியம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியதை இலங்கையில் எவரும் மறந்திரார். பின்னர் ரூபாய் சற்று மீண்டதாயினும், வெளிநாட்டிலிருந்து வரும் கண்ணாடிப் பொருளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆதலின் எதை வாங்குவது என்ற கேள்வி இங்கே வெறும் ஆசையைப் பற்றிய கேள்வியன்று. ஒரு முறை தவறாகச் செலவிட்டால் மறு முறை செலவிடக் கையில் பணம் இராது.

கடைக்காரர் முதலிற் கூறும் எண் மில்லிமீற்றர்க் கணக்கில் இருக்கும். 50, 200, 300, 600 என்பன அவர் வாயிலிருந்து எளிதாக வரும். இவை யாவும் குவியத்தூரத்தைக் குறிப்பன. பாடசாலையிலே ஒரு குவிவுவில்லையை வெயிலிற் பிடித்துக் கடதாசியைச் சுட்டெரித்த மாணவன் எவனும் இதனை அறிவான். சூரியனின் ஒளி ஒரு சிறு புள்ளியாகத் திரளும் இடத்துக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம். அது நீளும்தோறும் தொலைவிலுள்ள பொருளின் விம்பம் பெரிதாகும். பார்வைக்கு அகப்படும் வெளி குறுகும். 36க்கு 24 மில்லிமீற்றர் அளவான முழுச்சட்டக் கமெராவிலே 50 மில்லிமீற்றர் வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 46 பாகை அகலத்தைக் காணும். 300 மில்லிமீற்றர் வில்லை காண்பது 8 பாகை மாத்திரமே.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வது நன்று. 1.2 மீற்றர் உயரமுள்ள பூநாரை ஒன்று 100 மீற்றர் தூரத்தில் நிற்கின்றது. 300 மில்லிமீற்றர் வில்லையின் பின்னே அதன் விம்பம் 3.6 மில்லிமீற்றர் உயரமாக விழும். 500 மில்லிமீற்றர் வில்லையாயின் 6 மில்லிமீற்றர். அதே பறவையை 300 மில்லிமீற்றர் வில்லையோடு 50 மீற்றர் தூரத்திலிருந்து பார்க்க வாய்த்தால் விம்பம் 7.2 மில்லிமீற்றர் ஆகிவிடும். பணம் கொடுத்துப் பெறும் நீளத்தைக் காட்டிலும் பொறுமையாற் பெறும் ஐம்பது மீற்றர் பெரியது என்பது இக்கணக்கிலே தெரிகின்றது. பூநாரை ஐம்பது மீற்றருக்கு இடங்கொடுக்குமா என்பது வேறு விடயம்; அது பின்னால் வரும்.

பெரும்பாலோர் கையிலுள்ள கமெராக்களின் உணர்தகடு முழுச்சட்டத்தை விடச் சிறியது. ஏறத்தாழ 24க்கு 16 மில்லிமீற்றர். அதிலே 300 மில்லிமீற்றர் வில்லை 450 மில்லிமீற்றர் போல் வேலை செய்யும் என்று கடைகளிற் கூறுவர். கூற்று முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று. விம்பம் அதே 3.6 மில்லிமீற்றர்தான், சுற்றியிருக்கும் வெளி வெட்டப்பட்டுவிடுகின்றது, அவ்வளவே. ஆயினும் 240 இலட்சம் புள்ளிகளைக் கொண்ட அத்தகைய தகடொன்றிலே 3.6 மில்லிமீற்றர் என்பது 900 புள்ளிகளுக்குச் சற்று மேல். அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட்டால் மூன்று அங்குல உயரப் பறவை கிடைக்கும். ஒரு சஞ்சிகையின் பக்கத்துக்கும் வீட்டு அல்பத்துக்கும் அது போதும்; சுவரை மறைக்கும் பெரிய படத்துக்குப் போதாது. எதற்காகப் படம் எடுக்கின்றோம் என்ற வினாவுக்கு விடை காணாமல் எந்த நீளம் வேண்டும் என்று முடிவு செய்ய இயலாது.

தொலைவில்லை என்ற பெயர் நீண்ட வில்லைகள் எல்லாவற்றுக்கும் இன்று வழங்குகின்றது. உண்மையில் அப்பெயர் ஒரு குறித்த அமைப்புக்கு உரியது. முற்காலத்திலே 300 மில்லிமீற்றர் வில்லை என்றால் குழாயும் ஏறத்தாழ அந்த நீளம் இருக்கவேண்டும். 1891ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே டால்மேயரும் ஜெர்மனியிலே மீத்தேயும் தனித்தனியே ஒரு வழி கண்டனர். முன்னே ஒளியைக் குவிக்கும் கண்ணாடிக் கூட்டம், பின்னே அதனைச் சற்று விரிக்கும் கூட்டம் என இரண்டையும் இணைத்தபோது, குவியத்தூரம் நீண்டிருக்கக் குழாய் குறுகிற்று. தோட்பையில் அடங்கும் வில்லைகள் வந்தது இதனாலேயே.

குவியத்தூரத்தை விரும்பியவாறு மாற்றத்தக்க சூம் வில்லை மிகப் பிந்தியது. சாதாரண 35 மில்லிமீற்றர்க் கமெராவுக்கென முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1959ஆம் ஆண்டின் வொய்க்லாண்டர் சூமார். அதன் எல்லை 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை. அக்காலத்துச் சூம் வில்லைகள் தெளிவிற் பின்தங்கியவை என்பதால், நிலையான குவியத்தூரமுள்ள வில்லையே சிறந்தது என்ற கொள்கை வேரூன்றிற்று. கணினியாற் கண்ணாடிகளை வகுக்கத் தொடங்கிய பின்னர் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. எனினும் பழைய கொள்கையை இன்றும் சிலர் வேதம்போல் ஓதுவர். தீவுப்பகுதியிலே சூம் வில்லைக்குச் சார்பாக வேறொரு காரணமும் உண்டு. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்லும் படகிலே, உப்புத்துளி தெறிக்கும் காற்றில், கமெராவின் வாயைத் திறந்து ஒரு வில்லையைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவது அறிவுடைமையாகாது. ஒரே வில்லை அருகிலும் தொலைவிலும் உதவுமாயின் அதுவே மேல்.

இனி விலைக்கு வருவோம். ஒரே 300 மில்லிமீற்றர் நீளத்தை உடைய இரு வில்லைகளில் ஒன்றின் விலை மற்றதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காக இருப்பதைக் கண்டு புதியவர் திகைப்பார். இரண்டும் தூரத்தை ஒரே அளவுதான் அருகழைக்கின்றன. அங்ஙனமாயின் எஞ்சிய ஒன்பது மடங்கு எதற்காக? பெரும்பங்கு வெளிச்சத்துக்காக. வில்லையின் பெயரோடு சேர்ந்து வரும் எஃப் எண் இதனைச் சொல்லும். குவியத்தூரத்தை ஒளி புகும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 300 மில்லிமீற்றர் வில்லை எஃப் 2.8 ஆக இருப்பதற்கு 107 மில்லிமீற்றர் அகலமான வாய் வேண்டும், எஃப் 5.6 ஆயின் 54 மில்லிமீற்றர் போதும். விட்டம் இரு மடங்கு. ஒளி நான்கு மடங்கு. அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குற்றமின்றிக் கடைந்தெடுப்பது அரிது. ஆகவே விலை மிகுகின்றது. பாரமும் இரண்டு கிலோகிராமைக் கடக்கின்றது. சிறிய வில்லை அதன் மூன்றிலொரு பங்குகூட இராது.

பெரிய வாயுடைய வில்லைகளுக்கு வேறு சிறப்புகளும் உண்டு. அவை பின்னணியை நன்கு கலங்கச் செய்யும். உருவத்தின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும். அவற்றைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் அவை பிறந்த சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் மாரிகாலத்து மங்கிய பகலிலும், அடர்ந்த காட்டின் நிழலிலும், இரவு நேர விளையாட்டரங்கிலும் தொழில் செய்வோருக்கு அந்த நான்கு மடங்கு ஒளி வாழ்வா சாவா என்ற விடயம். நெடுந்தீவின் மேற்குப் புல்வெளியிலே மரநிழலே அரிது. அங்கே வெளிச்சத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

படம்பிடிப்போர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் ஓர் எளிய விதி உண்டு. வெயில் நன்றாக எறிக்கும் வேளையில், எஃப் 16 அளவில், ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதனை நொடியின் பின்னமாகக் கொண்டால் ஒளி சரியாக அமையும். ஐ.எஸ்.ஓ. 100 ஆயின் 1/100 நொடி. அதே ஒளியிலே எஃப் 5.6க்கு வந்தால் 1/800 நொடி கிடைக்கின்றது. நடக்கும் குதிரையை மாத்திரமன்றி ஓடும் குதிரையையும் உறையச் செய்ய அது பெரும்பாலும் போதும். சிறகடிக்கும் ஆலாவுக்கு 1/1600 வேண்டுமெனில் ஐ.எஸ்.ஓ.வை 200க்கு உயர்த்தினால் ஆயிற்று. மலிவான வில்லையைச் சற்று மூடி எஃப் 8 ஆக்கினால் அதன் தெளிவும் பெரும்பாலும் கூடும். வெயிலோ அதற்கும் இடங்கொடுக்கின்றது. எனவே தீவுவாசி ஒருவர் எஃப் 2.8 வில்லைக்காகக் கடன்படுவது, கடற்கரையில் இருந்துகொண்டு உப்பை விலைக்கு வாங்குவதை ஒக்கும்.

இக்கணக்கிலே ஒரு முட்டுக்கட்டை இருக்கின்றது. அதனை மறைப்பது நேர்மையன்று. வெயில் மிகுந்த வேளை, காற்று கொதிக்கும் வேளையும் ஆகும். காலை ஒன்பது மணி கடந்தபின் பரவைக்கடலின் மேலும் தார்வீதியின் மேலும் காற்று அலைபாயத் தொடங்கும். நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள பறவையின் கால்கள் நெளியும். கழுத்து உருகியது போலிருக்கும். எத்தனை இலட்சம் ரூபாய் பெறுமதியான வில்லையும் இதற்கு மருந்தன்று; நீண்ட வில்லை அந்த நெளிவையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். படம் தெளிவில்லை என்று வில்லையைப் பழித்து விற்றுவிட்டுப் புதியது வாங்கியவர் பலர், பழியோ காற்றினுடையது. ஆகவே வேலைக்கு உகந்தது சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரமும், சாய்வதற்கு முன்னான அதே அளவு நேரமும். அப்போது ஒளி நான்கிலொரு பங்காகக் குறைந்திருக்கும் எனக் கொண்டாலும், ஐ.எஸ்.ஓ. 400இல் எஃப் 5.6 வில்லை 1/800 நொடியைத் தரும். இக்காலக் கமெராக்கள் 800 வரையிலும் தயக்கமின்றிச் செல்லக்கூடியவை. மலிவு வில்லை இங்கும் தாக்குப்பிடிக்கின்றது.

கை நடுக்கம் மற்றொரு பகைவன். குவியத்தூரம் எவ்வளவோ அவ்வளவின் பின்னமாக நொடியைக் கொள்க என்பது பழைய விதி. சிறிய தகடுள்ள கமெராவிலே 300 மில்லிமீற்றருக்கு 1/500 நொடியாவது வேண்டும். அதிர்வு தணிக்கும் அமைப்பு இன்று மலிவான வில்லைகளிலும் உண்டு; அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். எனினும் அது தணிப்பது கையின் அசைவை மாத்திரமே. ஓடும் குதிரையை அது நிறுத்தாது. முக்காலி நிலத்திலே பேருதவி. படகிலே அது பயனற்றது மாத்திரமன்று, தளத்தின் துடிப்பை நேராகக் கமெராவுக்குக் கடத்தும் கேடும் உடையது. படகில் உடலைச் சாய்க்காமல், முழங்கையை விலாவோடு அணைத்து நிற்பதே நல்லது.

எந்த நீளம் எங்கே உதவும் என்பதை இடங்களைக் கொண்டே சொல்லலாம். நெடுந்தீவுக் குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலே வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். மனிதரை முற்றாக அஞ்சுவனவும் அல்ல. கைக்கெட்டும் தூரம் வரை விடுவனவும் அல்ல. தோள்வரை 1.2 மீற்றர் உயரமான குதிரை 30 மீற்றரில் நின்றால், 200 மில்லிமீற்றர் வில்லையில் 8 மில்லிமீற்றர் விம்பம் விழும். சிறிய தகட்டிலே சட்டத்தின் பாதி உயரம். இதற்கு மேல் நீளம் வேண்டியதில்லை. முருகைக்கல் வேலியும் குதிரையும் வானமும் சேர்ந்து வரவேண்டுமெனில் 70 மில்லிமீற்றரே நல்லது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி விழாவிலே நிலைமை வேறு. தேர் நகரும்போது கூட்டத்தில் அகப்பட்டவர் முன்னும் போக இயலாது, பின்னும் போக இயலாது. கைப்பிடியைத் திருப்பி 70இலிருந்து 200க்குச் செல்லும் சூம் வில்லை அங்கே கால்களின் வேலையைச் செய்யும். படகு துறையை அணுகும்போது 200 அல்லது 300 மில்லிமீற்றரிற் பார்த்தால் கோபுரம், துறைமேடை, முன்னே செல்லும் படகு ஆகியன ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி அடுக்கியது போலத் தோன்றும்; தூரத்திலிருந்து நோக்குவதால் வரும் இத்தோற்றத்தைக் கைத்தொலைபேசியாற் பெறுதல் எளிதன்று. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைப் படம்பிடிக்கவும் இந்த அளவே போதும். ஒல்லாந்தர் அதனை ஹமன்ஹில் என்றனர்; பன்றித்தொடையின் குதிக்கால் என்பது பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கின்றது.

ஆனால் இரவுத் திருவிழாவிலும் கோயிலின் உட்பிரகாரத்திலும் மலிவான சூம் வில்லை தோற்றுவிடும். இங்கே வெளிச்சத்துக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு எஃப் 2.8 சூம் வில்லையை நாடாமல், 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை ஒன்றை வாங்குவது சிக்கனமான வழி. வில்லைகளில் மிக மலிவானவற்றுள் அதுவும் ஒன்று, எஃப் 5.6 வில்லையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்கும். நீளந்தான் இல்லை, அருகிற் செல்ல வேண்டும். கோயிலிலே அருகிற் செல்வது இயலாத காரியமன்று.

எஞ்சியிருப்பவை பறவைகள். கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, பூநாரை எனப் பருவந்தோறும் தீவகக் கடலேரிகளுக்கு வருவோருக்கு 300 மில்லிமீற்றர் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பறவைகளே வாழ்க்கை என்று முடிவு செய்தவருக்கு 150 முதல் 600 மில்லிமீற்றர் வரை செல்லும் வில்லைகளைத் தாம்ரோனும் சிக்மாவும் 2013, 2014ஆம் ஆண்டுகள் தொட்டு விற்று வருகின்றன. நிக்கொன் 200 முதல் 500 வரையான ஒன்றை 2015இல் வெளியிட்டது. பெரிய நிலைவில்லைகளோடு ஒப்பிட இவை மலிவானவை. ஏழை வீட்டுக்கு மலிவானவை அல்ல. நிக்கொனின் வில்லை இரண்டு கிலோகிராமுக்கும் மேல். வாங்கிய மூன்றாம் மாதத்திலே பாரத்துக்கு அஞ்சி அலுமாரியில் உறங்கும் வில்லை எவ்வளவு நீளமாயிருந்து என்ன? முதல் வில்லையாக இதனை வாங்குதல் கூடாது.

சொற்பப் பணத்தில் நீண்ட வில்லை என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1912இற் பிறந்து 1996இல் மறைந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழிலே 1950 முதல் தம் மறைவு வரை இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். காட்டு விலங்குகளை, சிறப்பாக யானைகளை, கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். அவருடைய கமெரா எந்தக் கடையிலும் வாங்கியதன்று. பல கருவிகளின் உறுப்புகளையும் ஒரு தொலைவில்லையையும் தாமே பொருத்திக் கொண்ட பெருங்கருவி அது. சூப்பர் பாண்டெரோசா என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அக்கருவியின் குறைகளை அவர் நன்கறிவார். விலங்கு அடுத்த கணம் என்ன செய்யும் என்பதையும் அறிவார். பின்னையது முன்னையதை ஈடு செய்தது என்பதற்கு அவருடைய படங்களே சான்று.

கிருஷ்ணனைப் போல் இணைத்துப் பொருத்தும் வழி இன்றும் மூடப்படவில்லை, முன்னிலும் எளிதாகிவிட்டது. கண்ணாடி அசையா நோக்கியுடைய புதிய கமெராக்கள் ஒரு சிறு வளையத்தின் உதவியால் ஏறக்குறைய எந்தப் பழைய வில்லையையும் ஏற்கும். கிழக்கு ஜெர்மனியின் பென்ரகொன் 200 மில்லிமீற்றர், சோவியத் நாட்டின் தாயிர் 300 மில்லிமீற்றர் போன்ற திருகுவாய் வில்லைகள் பழைய பொருட்சந்தையில் அகப்படுவதுண்டு. குவியத்தைக் கையாலே திருப்ப வேண்டும். நிற்கும் குதிரைக்கும் கோபுரத்துக்கும் அது தடையன்று, பறக்கும் பறவைக்குத் தடை. கண்ணாடியாடி கொண்டு ஒளியை மடக்கும் 500 மில்லிமீற்றர் எஃப் 8 வில்லைகளும் உள. சிறியவை, மலிவானவை, ஆனால் கலங்கிய பின்னணியிலுள்ள ஒளிப்புள்ளிகள் யாவும் உழுந்து வடை வடிவம் பெற்றுவிடும். அலை மினுங்கும் கடலின் முன்னே அது மிகவும் துருத்தித் தெரியும். வில்லைக்கும் கமெராவுக்கும் நடுவே செருகும் இருமடங்காக்கிகளைத் தவிர்ப்பதே நல்லது: நீளம் இரட்டிக்கும், ஒளி நாலிலொன்றாகும், மலிவான வில்லையின் குறைகளும் இரட்டிக்கும். வில்லை கழற்ற முடியாத பெருஞ்சூம் கமெராக்களைச் சிலர் ஏளனம் செய்வர். 2015இல் வந்த நிக்கொன் பி 900 போன்றவை 2000 மில்லிமீற்றருக்கு ஒப்பான குறுகிய பார்வையைத் தருவன. தகடு மிகச் சிறியது. அந்தி ஒளியிற் படம் கெடும். ஆனால் வந்திருக்கும் பறவை இன்னதென்று அறிவதே நோக்கமாயின் இவை ஏளனத்துக்கு உரியவை அல்ல.

நமது இளைஞர் எதை வாங்கலாம்? அவருடைய நோக்கம் குதிரை, தேர், படகு, இடையிடையே பறவை என்றால், 55 முதல் 250 அல்லது 70 முதல் 300 மில்லிமீற்றர் வரையான, அதிர்வு தணிக்கும் சாதாரண சூம் வில்லையே தக்கது. புதியதாக அன்றிப் பயன்படுத்தியதாக வாங்குவதே அறிவு. 2018க்குப் பின் பெரிய நிறுவனங்கள் கண்ணாடி அசையும் பழைய அமைப்பை விட்டுப் புதியதற்கு மாறத் தொடங்கியதால், பழைய அமைப்புக்குரிய நல்ல வில்லைகள் பல கைமாறுகின்றன. ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதாற் பொருத்தமும் ஒன்றாயிருக்கும் என எண்ணுதல் ஆபத்து. நிக்கொனின் சிறிய கமெராக்கள் சிலவற்றிற் குவியம் திருப்பும் இயந்திரம் இல்லை; வில்லையில் அது இல்லாவிட்டாற் கையாலேயே திருப்ப நேரும். அந்நிறுவனத்தின் புதிய ஏ.எஃப்.பி. வகை வில்லைகளோ பழைய உடல்கள் சிலவற்றோடு வேலை செய்யா. கெனனின் சிறுதகட்டு வில்லைகள் அதன் முழுச்சட்டப் பழைய கமெராவிற் பொருந்தா. ஆகவே கமெராவைக் கையோடு கொண்டு சென்று பூட்டிப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது பூஞ்சணம். நமது ஈரக்காற்றிலே இதுவே வில்லைக்கு எமன். சிறு மின்சூளின் ஒளியை ஒரு முனையிற் பாய்ச்சி மறு முனையிலிருந்து சாய்வாக நோக்கினால், சிலந்தி நூல் போன்ற கிளைகள் இருப்பின் தெரிந்துவிடும். அத்தகைய வில்லை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்; கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருக்கும். உள்ளே இரண்டொரு தூசு இருப்பது பொருட்டன்று. அதற்காக நல்ல வில்லையைத் தள்ளுவோரும் உளர். சூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடும் ஓசை கேட்டால் அது கடற்கரையில் விழுந்து எழுந்த வில்லை எனக் கொள்ளலாம். பின்பு எழுத்துகள் நிறைந்த சுவர்விளம்பரம் ஒன்றைத் தூர நின்று நீண்ட முனையிலும் குறுகிய முனையிலும் எடுத்து, நான்கு மூலைகளையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மாத்திரம் கலங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்துள்ளது என்பது தெளிவு.

வாங்கியதைக் காப்பது அதனினும் பெரிய வேலை. தோலுறை அழகானது, ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்தை வளர்ப்பதும் அதுவே. காற்றுப் புகாத பிளாத்திக்குப் பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குறுணியும் மிகச் சிறிய செலவு. குறுணி நிறம் மாறியவுடன் சூடேற்றி மீண்டும் இடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் தவிடும் தூளும் ஏற்றுவதன்றி வேறு பயன் தராது. படகுப் பயணத்தின் பின் உப்புப் படிந்த குழாயை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தல் வேண்டும். உப்பு உலர்ந்த கண்ணாடியை வேட்டித் தலைப்பால் தேய்த்தால் கீறல் உறுதி. முன்னே ஒரு தெளிந்த காப்புக் கண்ணாடியைத் திருகிவிட்டால், தேய்வது அதுவாக இருக்கும்.

நீண்ட வில்லையைக் கையிற் கொண்டவர் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் தீவகத்தில் உண்டு. கடற்படை முகாம்கள் உள்ள கரைகளில் அதனை எத்திசையிலும் நீட்டுதல் வீண் தொல்லை. முன்னரே கேட்டுக்கொள்வது நன்று. பூநாரைக்கு ஐம்பது மீற்றர் கிட்டுமா என்ற வினாவுக்கும் இங்கே விடை கூறலாம்: பரவைக்கடலிலே நடந்து சென்றாற் கிட்டாது. கூட்டம் முழுவதும் எழும்பிப் பறக்கும். பறக்கும் காட்சிக்காகவே அதனைக் கலைப்போரும் உளர். நெடுந்தூரம் கடந்து இரைதேட வந்த உயிருக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் ஒரு நேர உணவு இழப்பு. வீதியோரத்திலே வாகனத்துக்குள் அசையாது காத்திருந்தால் அவை மேய்ந்தவாறே தாமாக அணுகுவதுண்டு. மனிதர் விடயத்திலோ எதிரான நெறி பொருந்தும். கோயிலில் கண்ணீர் மல்க நிற்கும் தாயை நூறடிக்கு அப்பாலிருந்து அவரறியாமற் படமெடுப்பது வில்லையால் இயலும். 1990இலும் அதன் பின்னும் ஊரை விட்டுப் பெயர்ந்து, பல ஆண்டு கழித்து விழாவுக்குத் திரும்பியவர்கள் அக்கூட்டத்தில் நிரம்ப உளர். அங்கே 50 மில்லிமீற்றர் வில்லையோடு அருகே சென்று, "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்பதுதான் முறை. பலர் சம்மதிப்பர், படத்தின் பிரதி ஒன்றும் கேட்பர்.

நெடுந்தீவின் தென்மேற்குப் பகுதியோடு குதிரைகளின் வாழிடமும் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நன்னீர் குறைந்த தீவு அது. ஆடி, ஆவணி மாதங்களிலே குட்டைகள் வற்றும்போது குதிரைகள் தாகத்தால் நலிவதும், கொடிய வரட்சியான ஆண்டுகளில் மடிவதும் ஊரார் அறிந்தவை. ஒவ்வொரு குதிரைக்கும் நெற்றிச் சுட்டியும் காலின் வெள்ளையும் வேறு வேறு. 30 மீற்றரில் நின்று 200 மில்லிமீற்றரில் எடுத்த படத்திலே அவை தெளிவாக விழும். விலா எலும்பு எத்தனை தெரிகின்றது என்பதும் விழும். நம் இளைஞர் பயன்படுத்திய வில்லை ஒன்றை வாங்கி மிச்சம் பிடித்த பணம், குறிகாட்டுவானுக்குப் பேருந்துக்கும் அங்கிருந்து படகுக்கும் பல மாதங்களுக்குப் போதும். மாதம் ஒரு முறை அதிகாலைப் படகில் சென்று, அதே குட்டையின் கரையில் நின்று, வரும் குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாளைக் குறித்து வைத்தாரானால், அடுத்த வரட்சியில் எந்தக் குட்டி வரவில்லை என்பதை அவராற் சொல்ல முடியும்.